ஏழை நாடு வேறு, ஏற்றத்தாழ்வான நாடு வேறு

டர்பனில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இரண்டு பேச்சு கட்டாயம் காதில் விழும். "உலகத்திலேயே ஏற்றத்தாழ்வு அதிகமான நாடு தென்னாப்பிரிக்காதான்" என்பது ஒன்று. "இந்த நாடு நாளுக்கு நாள் ஏழை நாடாகிக்கொண்டே போகிறது" என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள், ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொன்னதாகிவிடும் என்பதுபோல. சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் நேர் எதிர்ப் பக்கம். அம்லாங்கா கடற்கரையில் நிற்கும் மாளிகைகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வசதியான ஊரில் வறுமையா என்று நம்ப மறுக்கிறார்கள்.

வறுமையும் ஏற்றத்தாழ்வும் தனித்தனி விஷயங்கள். அளக்கும் விதம் வேறு, காரணங்கள் கொஞ்சம் வேறு, தீர்க்கும் வழியும் பல நேரம் வேறு. இந்த வித்தியாசம் பிடிபடாதவரை நம் பேச்சில் கோபம் மட்டுமே மிஞ்சும். பொருளாதாரம் படிக்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

## ஓர் அண்டா கூழ், பத்துப் பேர்

ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவதை டர்பன் இருக்கும் நேட்டாலில் வளர்ந்த எல்லோரும் பார்த்திருப்போம். கோயிலில் வருகிறவர்களுக்கு வேறுபாடு பார்க்காமல்தான் ஊற்றுவார்கள். கணக்குக்காக மட்டும் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். அண்டாவில் 100 குவளை கூழ் இருக்கிறது, வரிசையில் பத்துப் பேர். குறைவாகக் கிடைத்தவரிலிருந்து அதிகம் கிடைத்தவர் வரை பங்கு இப்படிப் போகிறது: 1, 1, 2, 3, 4, 5, 6, 10, 18, 50.

வாய்க்கு வந்த எண்கள் இல்லை இவை. 2014-15இல் தென்னாப்பிரிக்காவில் வீடு வீடாக எடுத்த வாழ்நிலைக் கணக்கெடுப்பை வைத்து உலக வங்கி கணக்கிட்டபோது, மேல்தட்டு 10 சதவீதத்தினர் நாட்டு மக்களின் மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதியைச் செய்கிறார்கள் என்றும், கீழ்த்தட்டு 40 சதவீதத்தினர் எல்லோரும் சேர்ந்து 7 சதவீதம்தான் செய்கிறார்கள் என்றும் வந்தது. அதை ஒட்டியே இந்தப் பங்கைப் போட்டிருக்கிறேன். முதல் நான்கு பேரைக் கூட்டிப் பாருங்கள், 7 வரும்.

இந்த வரிசையைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கலாம். தலைக்கு எவ்வளவு? பசியாறாதவர் எத்தனை பேர்? பங்கு எவ்வளவு கோணலாக இருக்கிறது? முதல் கேள்வி சராசரி, இரண்டாவது வறுமை, மூன்றாவது ஏற்றத்தாழ்வு. மொத்தச் சிக்கலும் இந்த மூன்றையும் போட்டுக் குழப்புவதில்தான் இருக்கிறது.

## சராசரி ஏன் ஏமாற்றும்

நூறைப் பத்தால் வகுத்தால் தலைக்குப் பத்துக் குவளை. செய்தியில் வரும் "தனிநபர் வருமானம்" இந்த மாதிரிக் கணக்குதான், நாட்டின் மொத்த வருமானத்தைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்தது. ஆனால் நம் வரிசையில் ஏழு பேருக்கு அந்தப் பத்துக் குவளை கிடைக்கவில்லை. வரிசையின் நடுவில் நிற்பவரைக் கேட்டால் நாலரைக் குவளை என்பார். இப்படி நடுவில் நிற்பவரின் அளவுக்கு இடைநிலை என்று பெயர். சராசரி பத்து, இடைநிலை நாலரை. இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், மேலே யாரோ ஒருவர் நிறைய வைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

உலக வங்கி தென்னாப்பிரிக்காவை "மேல் நடுத்தர வருமான நாடு" என்று வகைப்படுத்துகிறது. அது சராசரியை வைத்துச் சொன்னது. பொய் இல்லை. ஆனால் வரிசையில் பெரும்பாலானவர்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

## வறுமை: ஒரு கோடு, அதற்குக் கீழே எத்தனை பேர்

வறுமையை அளக்க முதலில் ஒரு கோடு போட வேண்டும். ஒரு மனிதர் உயிர் வாழவும் ஓரளவு கௌரவமாக இருக்கவும் இவ்வளவு வேண்டும் என்று ஒரு தொகையை முடிவு செய்கிறார்கள், அதுதான் வறுமைக் கோடு. அதற்குக் கீழே இருப்பவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது வறுமை விகிதம்.

தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறை மூன்று கோடு போடுகிறது. 2015 விலைவாசிப்படி அவை ஒருவருக்கு மாதம் 441 ரேண்ட், 647 ரேண்ட், 992 ரேண்ட். முதல் கோடு உணவுக் கோடு. உடம்புக்கு வேண்டிய குறைந்தபட்ச கலோரிக்கான சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் அதில் இருக்கிறது. பகிர்ந்து ஏறும் வேன் டாக்ஸிக்குக் காசு, மின்சாரம், சோப்பு எதுவும் கிடையாது. இரண்டாவது கோட்டில் இருப்பவர் அந்த மற்ற செலவுகளுக்காகச் சாப்பாட்டில் கொஞ்சம் குறைத்தே ஆக வேண்டும். மூன்றாவது கோட்டை எட்டினால்தான் இரண்டையும் சமாளிக்க முடியும்.

அந்த 2015 கணக்கில் மேல் கோட்டுக்கு, அதாவது 992 ரேண்டுக்கு, கீழே இருந்தவர்கள் 55.5 சதவீதம், அதாவது 3 கோடிக்கும் மேல். உணவுக் கோட்டுக்கே கீழே இருந்தவர்கள் 25.2 சதவீதம், நாலில் ஒருவர். தானியமும் பழமும் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பும் நாட்டில் நாலில் ஒருவருக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை என்பதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இதே மேல் கோட்டில் 2006இல் 66.6 சதவீதமாக இருந்தது 2011இல் 53.2 ஆகக் குறைந்து, அப்புறம் மறுபடி ஏறிய கணக்கு இது. ஆகவே "நாளுக்கு நாள் ஏழையாகிறது" என்பதும் சரியில்லை, "எல்லாம் முன்னேறுகிறது" என்பதும் சரியில்லை. இறங்கியது, பிறகு ஏறியது.

உலக வங்கியின் கோடு இன்னொன்று. அது எல்லா நாட்டுக்கும் பொதுவானது, டாலரில் சொல்வார்கள். 2022 வரை நாளுக்கு 1.90, பிறகு 2.15, 2025 ஜூனிலிருந்து 3 டாலர். இங்கே பலர் தவறிவிடுகிறார்கள். அந்த டாலர் வங்கியில் மாற்றும் டாலர் இல்லை. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளை இந்த ஊரில் வாங்க எவ்வளவு ஆகும் என்று விலைவாசியைச் சரிக்கட்டிப் போட்ட டாலர். இதற்கு வாங்கும் சக்தி சமநிலை என்று பெயர். அந்தச் சரிக்கட்டலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கோடும் நகர்கிறது. கோடு நகர்ந்தால், கையில் இருக்கும் காசு அப்படியே இருந்தாலும், நேற்று ஏழைக் கணக்கில் இல்லாதவர் இன்று அதற்குள் வந்துவிடுவார். அதனால் எந்தக் கோடு என்று சொல்லாத வறுமை சதவீதத்தை நம்பவே கூடாது.

நம் கூழ் வரிசைக்கு வருவோம். பசியாற 5 குவளை வேண்டும் என்று வைத்தால், அதற்குக் கீழே இருப்பவர்கள் ஐந்து பேர். வறுமை விகிதம் 50 சதவீதம். ஆனால் 4 குவளை கிடைத்தவரும் 1 குவளை கிடைத்தவரும் இந்தக் கணக்கில் ஒன்றாகிவிடுகிறார்கள். அதனால்தான் இன்னொரு கணக்கும் உண்டு: ஒவ்வொருவருக்கும் கோட்டை எட்ட எவ்வளவு குறைகிறது என்று கூட்டுவது. 4, 4, 3, 2, 1, மொத்தம் 14 குவளை. இதை வறுமையின் ஆழம் என்று சொல்லலாம்.

இதுவரை பார்த்தது: சராசரி மொத்தத்தைப் பற்றிப் பேசும், வறுமை விகிதம் கோட்டுக்குக் கீழே இருக்கும் தலைகளை எண்ணும், ஆழம் எவ்வளவு கீழே என்று சொல்லும். இது எதுவும் மேலே இருக்கும் 50 குவளைக்காரரைப் பற்றிப் பேசவில்லை.

## ஏற்றத்தாழ்வு: கினி எண் என்ன சொல்கிறது

கோராடோ கினி என்ற இத்தாலியப் புள்ளியியலாளர் 1912இல் கொடுத்த அளவு இது. எல்லோருக்கும் சமமாக இருந்தால் 0, ஒருவரே எல்லாவற்றையும் வைத்திருந்தால் கிட்டத்தட்ட 1. சில இடங்களில் நூறால் பெருக்கி 63, 45 என்று எழுதுவார்கள். அந்த 2014-15 கணக்கெடுப்பை வைத்து தென்னாப்பிரிக்காவுக்கு உலக வங்கி தந்த எண் 0.63, கணக்கு கிடைத்த நாடுகளிலேயே அதிகம்.

0.63 என்றதும் "63 சதவீதச் சொத்து பணக்காரர்களிடம்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அப்படி எதுவும் அதற்கு அர்த்தம் இல்லை. கணக்கு இப்படித்தான் நடக்கிறது. பத்துப் பேர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள், அவர் பங்கைக் குறித்துக்கொண்டு சீட்டைத் திரும்பப் போட்டு இன்னொன்றை எடுங்கள். இருவருக்கும் எத்தனை குவளை வித்தியாசம்? வரக்கூடிய எல்லா ஜோடிக்கும் இந்த வித்தியாசத்தைப் பார்த்துச் சராசரி எடுத்தால் நம் வரிசையில் 12.2 குவளை வரும். அதில் பாதி 6.1. அதைத் தலைக்குரிய சராசரியான பத்தால் வகுத்தால் 0.61. அவ்வளவுதான் கினி. கண்ணை மூடிக்கொண்டு தெருவில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வாழ்க்கைக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்கும் என்பதைச் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று தெரிகிறது. அண்டாவில் 100க்குப் பதில் 200 குவளை இருந்து, எல்லோருக்கும் இரட்டிப்பாகக் கிடைத்தால் கினி அப்படியே 0.61தான். ஆனால் 3 குவளைக்காரருக்கு 6 கிடைத்துவிட்டது, 4 குவளைக்காரருக்கு 8. இரண்டு பேர் வறுமையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். ஏற்றத்தாழ்வு அசையவில்லை, வறுமை குறைந்துவிட்டது. மாறாக, 50 குவளைக்காரர் பாதியைக் கீழே கொட்டிவிட்டால் கினி நன்றாக இறங்கும். ஒரு ஏழைக்கும் ஒரு துளி கூடக் கிடைத்திருக்காது.

கினி கணக்கு பிடிக்காதவர்களுக்கு எளிய அளவு ஒன்று உண்டு. மேல் 10 சதவீதத்தினரின் பங்கைக் கீழ் 40 சதவீதத்தினரின் பங்கால் வகுப்பது. பால்மா விகிதம் என்பார்கள். நம் வரிசையில் 50ஐ 7ஆல் வகுத்தால் ஏழுக்குக் கொஞ்சம் மேலே. எனக்கு இதுதான் பிடிக்கும், கேட்டதும் புரியும்.

## மலாவியையும் நம் பக்கத்து நாடுகளையும் பாருங்கள்

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மலாவியில் 2019 கணக்குப்படி 2.15 டாலர் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் நூற்றுக்கு 70 பேர். கினி 0.385. தென்னாப்பிரிக்காவில் அதே கோட்டுக்குக் கீழே 2014இல் ஐந்தில் ஒருவர், கினி 0.63. மலாவி மிக ஏழை நாடு, ஆனால் அங்கே ஏற்றத்தாழ்வு குறைவு, ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லோருமே ஏழைகள். தென்னாப்பிரிக்காவில் பணம் இருக்கிறது, போய்ச் சேரவில்லை.

தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, எஸ்வாட்டினி, லெசோத்தோ ஐந்தும் ஒரு சுங்க ஒன்றியம். 1910இல் தொடங்கியது, உலகத்தில் இன்றும் நடப்பவற்றில் மிகப் பழையது. உலக வங்கி 2022இல் இந்த ஐந்தையும் சேர்த்து ஆராய்ந்து, உலகத்திலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்த வட்டாரம் இதுதான் என்றது. நமீபியா 0.59, எஸ்வாட்டினி 0.55, போட்ஸ்வானா 0.53, லெசோத்தோ 0.45. நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலைநாடு லெசோத்தோ. அங்கே வறுமை தென்னாப்பிரிக்காவைவிட அதிகம், 2.15 டாலர் கோட்டில் மூன்றில் ஒருவர், ஆனால் கினி எவ்வளவோ குறைவு. போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. வைரம் கிடைத்தது, அரசு அதை ஒழுங்காகக் கையாண்டது, சராசரி பலமடங்கு உயர்ந்தது. வறுமை குறைந்தது. ஏற்றத்தாழ்வு மட்டும் இன்னும் உலகின் மிக அதிகமானவற்றில் ஒன்றாகவே நிற்கிறது.

சுருக்கமாக: ஒரு நாடு ஏழையாகவும் ஓரளவு சமமாகவும் இருக்கலாம், வசதியாகவும் கோணலாகவும் இருக்கலாம்.

## இங்கே மட்டும் ஏன் இவ்வளவு கோணல்

இதற்குப் பதில் சந்தையில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1913 நிலச் சட்டம் நாட்டு நிலத்தில் சுமார் 7 சதவீதத்தைக் கறுப்பின மக்களுக்கு என்று ஒதுக்கி, மற்ற இடத்தில் அவர்கள் நிலம் வாங்கத் தடை போட்டது. 1936இல் அது 13 சதவீதம் என்று நீட்டப்பட்டது. மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் அவர்கள். 1950இல் குழுப் பகுதிச் சட்டம் வந்து யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்தது. 1953இல் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனியான, வேண்டுமென்றே தரம் குறைத்த கல்வி. நிலமும் வீடும் படிப்பும் இல்லாமல் மூன்று தலைமுறை போனால், பிறகு 1994இல் எல்லாருக்கும் ஓட்டு கொடுத்த மறுநாளே பங்கு நேராகிவிடாது.

இங்கே வாழும் தமிழர்களான நம் கதையும் இதற்குள்தான் வருகிறது. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து முதல் கப்பல் ட்ரூரோ வந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள், பெரும்பாலானவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு. முதல் வருடம் ஓர் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங். 1895 சட்டம் ஒப்பந்தம் முடித்து இங்கேயே தங்க விரும்பியவர்கள்மேல் வருடம் 3 பவுண்டு வரி போட்டது. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், தொடக்கக் கூலியில் ஆறு மாதத்துக்கானது! 1913 வேலைநிறுத்தமும் சிறையும் நடந்து, தில்லையாடி வள்ளியம்மையின் உயிரும் போன பிறகுதான் 1914இல் அது நீங்கியது. அதற்கப்புறம் டர்பன் மாநகராட்சியின் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த மேகசின் பராக்ஸ் குடியிருப்பைக் காலி செய்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். சாட்ஸ்வர்த்தின் இடத்தையே பாருங்கள், ஒரு பக்கம் கறுப்பின மக்களின் குடியிருப்பான உம்லாசி, இன்னொரு பக்கம் அந்தக் காலத்து வெள்ளையர் பகுதிகள், நடுவில் நாம். திட்டம் போட்டுத்தான் அப்படி வைத்தார்கள்.

ஆனால் ஒன்றை நம் ஆட்கள் மனசார ஒப்புக்கொள்ள வேண்டும். 2015இல் மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே கறுப்பின மக்களில் 64.2 சதவீதம் பேர், கலப்பினத்தவரில் 41.3, இந்தியரில் 5.9, வெள்ளையரில் 1. நாமும் அடி வாங்கினோம் என்பது உண்மை, நாம் வாங்கியது அதே அடி இல்லை என்பதும் உண்மை. அந்த 5.9க்குள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள், டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதி அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்கும் தண்ணீருக்கும் திண்டாடுகிறவர்கள். "இந்தியர்கள் எல்லாரும் வசதி" என்று வெளியே பேசுவதும் "அவர்கள் எல்லாரும் சோம்பேறிகள்" என்று உள்ளே பேசுவதும் சராசரியை மனிதர் தலையில் கட்டும் ஒரே தவறுதான். இனக் கசப்பும் வெளிப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்தில், நம்முடையது உட்பட இரண்டு மாகாணங்களில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பேச்சுகளை இனியும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 1994க்குப் பிறகு கறுப்பினத்தவரிலேயே ஒரு பெரிய நடுத்தர வர்க்கம் எழுந்தது. இப்போது கறுப்பின மக்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வுதான் மற்ற எந்தப் பிரிவுக்குள்ளும் இருப்பதைவிட அதிகம். இனத்தால் வந்த கோணல் இன்னும் பெரியது, ஆனால் வெறும் வெள்ளை, கறுப்பு என்று மட்டும் பார்த்தால் இன்றைய படம் முழுதாகக் கிடைக்காது.

## வேலை, உதவித்தொகை, சொத்து

இன்றைக்கு இந்தக் கோணலைத் தாங்கி நிற்கும் பெரிய தூண் சம்பளம். வேலை செய்கிறவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் சேர்த்து எண்ணினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. ஒரு வீட்டில் இரண்டு நல்ல சம்பளம், பக்கத்து ஊரில் ஐந்து பேருக்கும் சேர்த்து பூஜ்யம். அதிலும் வேலை நகரத்தில், வீடு தூரத்தில். குழுப் பகுதிச் சட்டம் 1991இலேயே போய்விட்டது, அது போட்ட வரைபடம் போகவில்லை. டாக்ஸிக்கே சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடுகிறது.

அரசு உதவித்தொகை பற்றி நிறையக் கசப்பான பேச்சு கேட்கிறேன். குழந்தைகளுக்கான உதவித்தொகை 1998இல் மாதம் 100 ரேண்டோடு தொடங்கியது. 2020 மே மாதம் பெருந்தொற்றில் 350 ரேண்ட் உதவி வந்தது. அந்த வருடத்து உணவுக் கோடு 585 ரேண்ட். 350 ரேண்டை நம்பி ஒருவர் வேலையை விட்டுவிட்டு உட்கார முடியும் என்று சொல்பவர்கள் ஒரு மாதம் அதில் சாமான் வாங்கிப் பார்க்கட்டும். கூழ் வரிசையில் மேலே இருப்பவரிடமிருந்து 5 குவளை எடுத்துக் கீழே இருக்கும் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கோட்டைத் தாண்டுவது ஒருவர்தான், விகிதம் 50இலிருந்து 40 ஆகிறது. ஆனால் ஆழம் 14இலிருந்து 9 ஆகக் குறைகிறது. உதவித்தொகையின் வேலை பெரும்பாலும் இந்த ஆழத்தில்தான் நடக்கிறது, தலைப்புச் செய்தியில் வரும் விகிதத்தில் அது முழுதாகத் தெரியாது.

இதுவரை பேசியது மாதாமாதம் செலவாகும் பணம். சொத்து வேறு: வீடு, நிலம், ஓய்வூதிய நிதி, பங்குகள் என்று சேர்ந்து நிற்பது. தென்னாப்பிரிக்காவில் மேல் 10 சதவீதத்தினரிடம் மொத்தச் சொத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. செலவில் பாதி, சொத்தில் ஐந்தில் நாலு. வேலை போனாலும் ஆறு மாதம் தாக்குப்பிடிப்பது, பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது, கடை வைப்பது எல்லாம் சொத்தில்தான் நடக்கிறது. பல பத்தாண்டுகள் நகரத்தில் சொந்தமாக மண் வைத்துக்கொள்ளவே சட்டம் விடாத குடும்பங்களுக்கு அது எங்கிருந்து வரும்?

## இந்தியாவோடு ஒப்பிடும்போது

2025 ஜூலையில் "உலகத்திலேயே நான்காவது சமத்துவமான நாடு இந்தியா, கினி 25.5" என்று ஒரு செய்தி எல்லாக் குழுக்களிலும் சுற்றியது. இங்கேயும் பலர் பெருமையாகப் பகிர்ந்தார்கள். 25.5 என்பது வீட்டுச் செலவை வைத்துப் போட்ட கணக்கு. பட்டியலில் இந்தியாவுக்குக் கீழே வந்த பல நாடுகளின் எண்கள் வருமானத்தை வைத்துப் போட்டவை. வருமானம் பொதுவாகச் செலவைவிட அதிகம் விரிந்து கிடக்கும், ஏனென்றால் பணக்காரர் வருமானத்தை முழுதாகச் செலவழிப்பதில்லை, ஏழை கடன் வாங்கியாவது சாப்பிடுகிறார். அதோடு பெரிய பணக்காரர்கள் கணக்கெடுப்புக்காரருக்குக் கதவு திறப்பது அரிது. வருமானத்தை வைத்து உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் 2023க்கு இந்தியாவுக்குத் தரும் கினி 62. உலக வங்கியின் அதே குறிப்பிலேயே இந்த எண்ணும் இருந்தது, பகிரப்பட்ட செய்தியில் காணோம்.

தென்னாப்பிரிக்காவின் 0.63 செலவை வைத்து வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வருமானத்தை வைத்தால் அது இன்னும் மேலே போகும். எனவே இந்தியாவின் 62ஐயும் தென்னாப்பிரிக்காவின் 63ஐயும் பக்கத்தில் வைத்து "இரண்டும் ஒன்று" என்பதும் தவறு, 25ஐயும் 63ஐயும் வைத்து "அங்கே ராமராஜ்யம்" என்பதும் தவறு. செலவோடு செலவை வைக்கலாம், வருமானத்தோடு வருமானத்தை வைக்கலாம், எந்த வருடத்துக் கணக்கு என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வீடு வீடாக எடுக்கும் இந்தக் கணக்கெடுப்பு வருடாவருடம் நடப்பதில்லை.